நாயின் உரிமையாளர்

ஒருவரைத் தயாரிப்பாளர் என்று அழைக்க அவர் படம் எதையும் தயாரித்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் சொல்லப்படவில்லை. வெள்ளைச் சட்டை வேண்டும், இரண்டு கைபேசிகள் வேண்டும், அவற்றில் ஒன்றையாவது எடுக்காமல் அடிக்க விடும் மனத்திடம் வேண்டும். நம்முடைய தயாரிப்பாளரிடம் இவை எல்லாம் இருந்தன. போதாக்குறைக்கு அவர் படமும் தயாரித்துத் தொலைத்திருந்தார்.

ஆதியில் அவர் படப்பிடிப்புகளுக்கு நாற்காலி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர். நாற்காலிக்காரருக்கு யார் உட்காருகிறார், யார் நிற்கிறார் என்பதில்தான் கண் இருக்கும். ஒளிப்பதிவாளர் நின்றார். இயக்குநர் நின்றார். விளக்குக்காரர் ஏணியின் உச்சியில் நின்றார். குடைக்குக் கீழே ஒரே ஒருவர் மட்டும் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். அவருக்கு என்ன வேலை என்று விசாரித்தபோது, ஒரு வேலையும் இல்லை, அவர்தான் முதலாளி என்று சொன்னார்கள். நம்மவர் அன்றைக்கே தன் எதிர்காலத்தைத் தீர்மானித்துவிட்டார். எல்லா நாற்காலிகளையும் விற்றார். ஒன்றை மட்டும் தனக்கென்று வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவருக்கு இருந்தது ஒரே ஆசை. படத்தின் தொடக்கத்தில், திரை முழுக்க, 'தயாரிப்பு' என்று போட்டு அதன் கீழே தன் பெயர் தனியாக வர வேண்டும். பக்கத்தில் மனைவி உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும். பெரிய ஆசை இல்லைதான், ஆனால் நிறைவேறுகிற வழியாக இல்லை. முதல் படத்தில் கூட்டாளியின் பெயர் திரையை அடைத்துக்கொண்டு வந்தது. இவர் பெயர் நன்றிப் பட்டியலில், சாப்பாட்டுக் கடைக்கும் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும் நடுவில் ஓடியது. இரண்டாவது படத்தின் இயக்குநர் பாதியில் தன்னைத் தானே தேடிக்கொண்டு மலைப்பக்கம் போனார். அவருக்கும் அவர் கிடைக்கவில்லை, தயாரிப்பாளருக்கும் அவர் கிடைக்கவில்லை. மூன்றாவது படம் வெளியானது. ஆனால் திரையரங்குக்காரர் குளிர்பான விளம்பரங்களை ஆசை தீர ஓட்டிவிட்டு, நேரமாகிவிட்டது என்று கதாநாயகி ஆற்றில் விழும் இடத்திலிருந்து படத்தை ஆரம்பித்தார்.

"உங்க பேரை நான் இதுவரைக்கும் கரன்ட் பில்லுல மட்டும்தாங்க பார்த்திருக்கேன்," என்றாள் மனைவி. குத்திக் காட்டிச் சொல்லவில்லை. வாயில் வந்த உண்மையைச் சொன்னாள். அதனாலேயே அது அவருக்கு நெஞ்சில் தைத்துவிட்டது.

ஆகவே நான்காவது படத்துக்குக் கதை முடிவாவதற்கு முன்பே பெயர் வரும் விதம் முடிவாகிவிட்டது. முதலில் இருட்டு. பிறகு இடி. ஒரு பாறை தெரிய வேண்டும், மின்னல் அதன் தலையில் இறங்க வேண்டும், பாறை இரண்டாகப் பிளந்து உள்ளேயிருந்து இவர் பெயர் தங்க நிறத்தில் எழும்பி வர வேண்டும். கிராபிக்ஸ்காரர்கள் கதாநாயகனின் சண்டைகளைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு இந்தப் பாறையைப் பிளந்துகொண்டிருந்தார்கள். வேலைகளை எல்லாம் கூட இருந்து கவனித்தவர் மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி. தயாரிப்பு நிர்வாகி என்பது அவருடைய பதவி. அக்காள் புருஷனுக்குத் தெரியாமல் ஒரு டீ கூடச் செலவாகாமல் பார்த்துக்கொள்வதும், தெரியாமல் செலவாகும் டீயைத் தானே குடிப்பதும் அவர் பொறுப்பு.

கதாநாயகனுக்கு 'எரிமலை' என்று பட்டம். ரசிகர்கள் வைத்த பட்டம் என்று சொல்வார்கள். வைத்தது அவர்தான், ரசிகர்கள் ஆட்சேபிக்கவில்லை. அவர் முகத்தில் மகிழ்ச்சிக்கும் துக்கத்துக்கும் கோபத்துக்கும் ஒரே ஏற்பாடுதான். எந்த நேரத்தில் எது என்பதைப் பின்னணி இசை சொல்லிவிடும். ஆனால் அந்தக் காலத்தில் யதார்த்தம் என்று ஒரு மோகம் பரவியிருந்தது. இயக்குநர் அந்த மோகத்தில் தாடி வரை இறங்கியவர். தாய் இறந்து கிடக்கும் காட்சியில் இசை கூடாது, வெட்டு கூடாது, எரிமலை கட்டிலருகே நின்று ஒரே ஷாட்டில் நிஜமாகக் கண்ணீர் விட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

தாயாக நடித்தவரை எல்லோரும் அம்மா என்றே கூப்பிடுவார்கள். சினிமாவில் சாவதற்கென்றே இருந்தவர். எரிமலையின் படங்களில் மட்டும் கட்டிலில், நடுத்தெருவில், ரயில் மோதி, ஒரு தடவை வெறும் தந்தி மூலமாகவும் இறந்திருக்கிறார். அன்றைக்கு முற்றத்தில் கட்டில் போட்டு, கழுத்து வரை போர்த்திப் படுத்திருந்தார்.

"தம்பி, சீக்கிரம் அழுதுடுப்பா. முதுகு புடிச்சுக்குது," என்றார் கண்ணைத் திறக்காமலே.

அம்மாவுக்கு ஒரு பழக்கம். பிணமாகக் கிடக்கும்போது பசித்தால் யாரையும் கூப்பிட முடியாது என்று போர்வைக்குள் பிஸ்கட் பொட்டலம் ஒன்று வைத்திருப்பார். ஷாட் நடுவே கிடைக்கும் ஓய்வில் தானும் ஒன்று தின்று, வாசலில் வந்து எட்டிப் பார்த்த ஒரு தெருநாய்க்கும் ஒன்று போட்டுக்கொண்டிருந்தார். பழுப்பு நிறம், ஒரு காதில் பாதி இல்லை.

எரிமலைக்குக் கண்ணில் கிளிசரின் போட்டார்கள். எரிகிறது என்றார். வெங்காயம் நறுக்கிக் காட்டினார்கள். நாற்றம் என்றார். இயக்குநர் அவருடைய சொந்தத் தாயை நினைத்துக்கொள்ளச் சொன்னார். "அவங்க ஊர்ல நல்லா இருக்காங்களே," என்றார் எரிமலை. வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தபோது அவர் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. போட்டி நடிகரின் படம் அன்று காலை வெளியாகி எங்கு பார்த்தாலும் அரங்கு நிறைந்துவிட்டதாம். எரிமலை கைபேசியை உதவியாளரிடம் கொடுத்தார். கட்டிலைப் பார்த்தார். உதடு துடித்தது. பிறகு, பெற்ற தாயை இழந்தவன்கூட அப்படி அழுதிருக்க மாட்டான்.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. நாய் பின்பக்கமாக உள்ளே வந்தது. போர்வையை முகர்ந்தது, தலையை நிமிர்த்தி எரிமலையை ஒரு தரம் பார்த்தது, இப்போதைக்கு ஒன்றும் பெயராது என்று தெரிந்துகொண்டு மெல்ல நடந்து வெளியே போனது. இயக்குநர் தழுதழுத்த குரலில் கட் சொன்னார். விளக்குக்காரர்கள் உட்பட எல்லோரும் கைதட்டினார்கள். "முடிஞ்சுதா?" என்று அம்மா எழுந்து உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"நடுவுல நாய் வந்துடுச்சே," என்றார் தயாரிப்பாளர்.

"சார், அதை நாய்னு சொல்லாதீங்க. அதுதான் மரணம்," என்றார் இயக்குநர்.

இன்னொரு தரம் எடுத்துவிடலாமா என்று தயாரிப்பாளர் எரிமலையின் மேனேஜரிடம் கேட்டுப் பார்த்தார். "எடுக்கலாம். ஆனா அண்ணன் மறுபடி அழணும்னா அந்தப் பக்கம் இன்னொரு படம் ஓடணும். அடுத்த வருஷம்தான் ரிலீஸ் வச்சிருக்காங்க," என்றார் மேனேஜர். எனவே மரணம் படத்திலேயே இருக்கட்டும் என்று முடிவானது.

படம் முடிந்ததும் அது திரைப்பட விலங்குகள் நலச் சான்றளிப்பு அலுவலகத்துக்குப் போயிற்று. அந்தச் சான்று இல்லாமல் எந்தப் படமும் வெளியாகக் கூடாது. அலுவலகத்தில் அதிகாரியம்மாவின் மேசைக்கு எதிரே வருகிறவர்களுக்கென்று ஒரே ஒரு நாற்காலி இருந்தது. அதில் ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது. அது எப்போதும் அங்கேதான் தூங்கும். விலங்குகள் நல அலுவலகத்தில் பூனையை எழுப்பிவிட்டு உட்காரும் தைரியம் யாருக்கு வரும். நாற்காலியை நம்பி வாழ்க்கையை ஆரம்பித்த தயாரிப்பாளர் நின்றுகொண்டே பேசினார்.

"படத்துல ஒரு நாய் வருது," என்றார் அதிகாரியம்மா. தேன் மாதிரிக் குரல்.

"ஆமா மேடம். அது தானா வந்தது."

"தானா வந்ததுன்னா அதோட சம்மதம் இல்லாம படம் எடுத்திருக்கீங்க. நீங்க வரவழைச்சிருந்தா வேலை வாங்கியிருக்கீங்க. ரெண்டுல எதுன்னு போட்டுக்கட்டும்?"

தயாரிப்பாளர் யோசித்தார். "எது மேடம் நல்லது?"

"ரெண்டுமே குத்தம்தான். வேலை வாங்கினதுக்குச் சான்றிதழ் உண்டு. சம்மதம் இல்லாததுக்குக் கிடையாது."

"அந்தக் காட்சியவே எடுத்துடறோமே."

"தாராளமா எடுங்க. எடுத்ததுக்குக் காரணம் எழுதிக் கொடுக்கணும். நாய் இருந்துச்சுன்னு எழுதினீங்கன்னா, இருந்ததை ஒத்துக்கிட்டீங்கன்னு ஆயிடும்."

"கிராபிக்ஸ்ல நாயை மட்டும் அழிச்சிடலாமா?"

"இருந்தாத்தானே அழிக்க முடியும்? அழிக்கப்பட்ட விலங்குக்குத் தனிப் படிவம். அதுல ஏன் அழிச்சீங்க, அழிக்கும்போது வலிச்சுதான்னு எல்லாம் கேப்பாங்க."

"அப்ப படம் வெளிவராதா மேடம்?"

"வராதுன்னு நான் சொல்லலையே," என்று அதிகாரியம்மா வருத்தப்பட்டார். "நாயோட உரிமையாளர் கையெழுத்தும், மன உளைச்சல் இல்லைன்னு மருத்துவர் சான்றும் கொண்டுவாங்க. அவ்வளவுதான்."

"அது தெருநாய் மேடம். உரிமையாளர் கிடையாது."

"படிவத்துல அந்த மாதிரி ஒரு வகை இல்லையே," என்றார் அதிகாரியம்மா. பூனை ஒரு கண்ணைத் திறந்து தயாரிப்பாளரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

ஆகவே நாய்க்கு உரிமையாளராக ஒருவர் பிறக்க வேண்டியிருந்தது. பழுப்பு நாய் தேவை என்ற செய்தி வெளியே கசிந்ததும் அலுவலக வாசலில் நாய்களுடன் ஆட்கள் வந்து நின்றார்கள். சிலவற்றுக்குச் சாயம் இன்னும் காய்ந்திருக்கவில்லை. அசலானது படப்பிடிப்பு நடந்த தெருவிலேயே ஒரு டீக்கடைக்குப் பின்னால் படுத்திருந்தது. யார் கூப்பிட்டும் வரவில்லை. கடைசியில் தயாரிப்பாளர் அம்மாவுக்குப் போன் போட்டார். "எந்தக் கம்பெனி பிஸ்கட்டும்மா அது?" என்று கேட்டு வாங்கிக் காட்டிய பிறகுதான் அது அவருடைய காரில் ஏறியது. ஏறியதும் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டது. மைத்துனர் பின்னால் போனார்.

வீட்டில் மனைவி நாயையும் கணவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "இதுக்குப் பேரு என்ன?"

"எதுக்குப் பேரு? ஒரு மாசம் இருந்துட்டுப் போயிடும்."

"பேரு இல்லாம இருக்கறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குமா தெரியாது," என்று சொல்லிவிட்டு அவள் அதற்கு ஒரு தட்டு எடுத்து வைத்தாள்.

கால்நடை மருத்துவர் கறாரானவர். படப்பிடிப்பில் நாய்க்கு மன உளைச்சல் ஏற்பட்டதா என்பதை இப்போது நாடி பிடித்துச் சொல்ல முடியாது, அந்தக் காட்சியை மறுபடி அதற்குக் காட்டி அதன் எதிர்வினையைக் கவனிக்க வேண்டும் என்றார். பிரத்தியேகத் திரையரங்கில் நாய்க்கு மட்டும் தனிக்காட்சி போடப்பட்டது. எரிமலை திரையில் குலுங்கிக் குலுங்கி அழுதார். நாய் ஒரு கொட்டாவி விட்டது, சுருண்டு படுத்தது, குறட்டை விட்டது. 'மன உளைச்சல் அறவே இல்லை' என்று மருத்துவர் கையெழுத்துப் போட்டார். விஷயம் எரிமலையின் காதுக்குப் போனது.

"என் அழுகையைப் பார்த்துட்டு நாய் தூங்கிச்சாமே?" என்றார் எரிமலை போனில். குரல் உடைந்திருந்தது. "இன்னொரு தடவை போட்டுக் காட்டுங்க. முதல் பாதியிலிருந்து பார்த்தாத்தான் அதுக்குப் புரியும்."

இதற்குள் இயக்குநர் ஒரு பேட்டியில், படத்தின் மனசாட்சியே அந்த நாய்தான் என்று சொல்லிவிட்டார். பேட்டி எடுத்தவர் படம் பார்க்கவில்லை, ஆனாலும் கண் கலங்கினார். நாய் எரிமலையைத் திரும்பிப் பார்க்கும் துண்டுக் காட்சி எல்லோர் கைபேசியிலும் சுற்றியது. அந்தப் பார்வையில் உலகத்தின் மொத்த அலட்சியமும் இருக்கிறது என்று ஒரு விமர்சகர் எழுதினார். மொத்தக் கருணையும் இருக்கிறது என்று இன்னொருவர் மறுப்பு எழுதினார். இரண்டு தரப்பும் அடித்துக்கொண்டதில் படத்துக்கு நல்ல பெயர் வந்தது. பாதிக் காது மாதிரித் தலைமுடியை ஒரு பக்கம் வெட்டிக்கொண்டு இளைஞர்கள் திரிந்தார்கள்.

தயாரிப்பாளர் மருத்துவர் சான்றையும் தன் கையெழுத்திட்ட உரிமையாளர் படிவத்தையும் எடுத்துக்கொண்டு மறுபடி அலுவலகத்துக்குப் போனார். நாயையும் கூட்டிப்போனார். பூனை எழுந்திருக்கவில்லை. நாயும் நின்றுகொண்டே இருந்தது.

"எல்லாம் சரியா இருக்கு," என்றார் அதிகாரியம்மா. தயாரிப்பாளருக்கு உயிர் வந்தது. "ஒரே ஒரு சிக்கல். உரிமையாளரும் நீங்க, தயாரிப்பாளரும் நீங்க."

"நல்லதுதானே மேடம். வேத்து ஆள் யாரும் இல்ல."

"தயாரிப்பாளர் நாயைக் கொடுமைப்படுத்தினா உரிமையாளர்தான் புகார் கொடுக்கணும். உங்க மேல நீங்களே புகார் கொடுப்பீங்களா?"

"கண்டிப்பா கொடுப்பேன் மேடம்."

"அப்ப கொடுமை நடந்திருக்கு," என்று அதிகாரியம்மா பேனாவை எடுத்தார்.

"இல்ல மேடம், கொடுக்க மாட்டேன்."

"அப்ப நடந்ததை மறைக்கறீங்க."

தயாரிப்பாளருக்குத் தலை சுற்றியது. பிடித்துக்கொள்ள நாற்காலியில் கை வைத்தார். பூனை உறுமியது, கையை எடுத்துக்கொண்டார். "நாயை வேற யார் பேருக்காவது மாத்திடறேன்."

"தத்தெடுத்த நாயை மாத்தினா அது கைவிட்டதா ஆயிடும். ஜெயில்ல போடுவாங்க. வேணும்னா படத்தை வேற பேருக்கு மாத்திக்கோங்க."

"படத்தைக் கைவிட்டா குத்தம் இல்லையா மேடம்?"

"படத்துக்கு நல வாரியம் இல்லையே," என்றார் அதிகாரியம்மா. அதைச் சொல்லும்போது அவருக்கும் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

அன்று மாலை தயாரிப்பாளர் வீட்டில் மைத்துனரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மைத்துனர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

"எனக்கு எதுக்கு மாமா இதெல்லாம்? உங்க பேரு வரவேண்டிய இடத்துல என் பேரா? மனசு ஒப்புமா?"

"வேற வழி இல்ல மாப்ள. ஒரு கையெழுத்துத்தான்."

"நீங்க சொன்னா நான் மீற முடியாது," என்றார் மைத்துனர். வெள்ளைச் சட்டை ஏற்கெனவே தைக்கக் கொடுத்திருந்தார். இரண்டாவது கைபேசியும் சட்டைப் பையிலிருந்து அடித்தது, அவர் எடுக்கவில்லை.

பாறையிலிருந்து வெளிவரும் பெயரை மட்டும் ராத்திரியோடு ராத்திரியாக மாற்றினார்கள். மைத்துனர் பெயர் சின்னது. இடம் மிஞ்சியது என்று கிராபிக்ஸ்காரர்கள் இன்னொரு மின்னலையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

முதல் நாள் முதல் காட்சிக்கு மனைவி நல்ல புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். அவளிடம் எதையும் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. விளக்கு அணைந்தது. இடி இடித்தது. பாறை தெரிந்தது, பிளந்தது. தங்க நிறத்தில் மைத்துனர் பெயர் எழும்பி வந்தது. முன்வரிசையில் மைத்துனர் எழுந்து நின்று கும்பிட்டார். தயாரிப்பாளர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு அழுகை வந்தது. கூட்டத்தில் பாப்கார்ன் விற்பவரைத் தவிர யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

அடுத்ததாக, புகை பிடிக்காதீர்கள், குடிக்காதீர்கள், தலைக்கவசம் அணியுங்கள் என்ற எச்சரிக்கைகள் எல்லாம் ஓடி முடிந்தன. பிறகு திரை வெறும் கறுப்பானது. வெள்ளை எழுத்து வந்தது. 'இத்திரைப்படத்தில் தோன்றும் நாய் எவ்விதத் துன்புறுத்தலுக்கும் உள்ளாக்கப்படவில்லை. நாயின் உரிமையாளர்' என்று போட்டு அதன் கீழே, தனியாக, திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அவருடைய பெயர் வந்தது. விதிமுறைப்படி எழுத்து அந்த அளவுக்குக் குறையக் கூடாது. எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் படித்து முடிக்கும் வரை அது திரையை விட்டுப் போகக் கூடாது. கம்பீரமான ஒரு குரல் அதை வாய்விட்டு வாசிக்க வேண்டும். இடைவேளைக்குப் பிறகும் ஒரு முறை காட்ட வேண்டும். விளம்பரம் போட்டு விழுங்கினால் திரையரங்குக்குப் பூட்டு.

அரங்கம் விசில் அடித்து ஓய நேரமானது. விசில் நாய்க்குத்தான். மனைவி இருட்டில் அவர் கையைப் பிடித்தாள்.

"உங்க பேருங்க," என்றாள். "எவ்வளவு பெருசா."

அவர் தலையை நிமிர்த்தி, தன் பெயர் மறையும் வரை பார்த்தார். மேலே இருந்த வரியை அவர் அப்போது படிக்கவில்லை.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. நாய் வந்ததால்தான் ஓடியது என்று எல்லோரும் ஒருமனதாக ஒப்புக்கொண்டதால், அடுத்து வந்த எந்தப் படத்திலும் நாய் இல்லாமல் யாரும் அழவில்லை. காதலி பிரிந்தால் பின்னால் ஒரு நாய் நடந்து போயிற்று. வேலை போனால் நாய் போயிற்று. விண்வெளிப் படம் ஒன்றில் கண்ணாடிக் கவசத்துடன் மிதந்து போயிற்று. எல்லோருக்கும் அசல் நாய்தான் வேண்டும். தயாரிப்பாளரின் வீட்டு வாசலில் தயாரிப்பாளர்கள் காத்துக் கிடந்தார்கள். படம் எடுத்த காலத்தில் போனை எடுக்காதவர்கள் எல்லாம் இப்போது "சார் சாப்பிட்டாரா?" என்று நாயை விசாரித்தார்கள். அவரும் ஒவ்வொருவரையும் நிற்க வைத்தே பேசினார். தன்னுடைய பழைய நாற்காலியில் நாயைத் தூங்க விட்டிருந்தார். "முடியாதுன்னு நான் சொல்லலையே, சான்றிதழ் கொண்டுவாங்க," என்பார். அந்தக் குரல் தனக்கு எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று அவர் யோசித்ததில்லை. அலுவலகமும் சும்மா இருக்கவில்லை. அழுகைக் காட்சியில் நாய் இடம்பெறாவிட்டால் அதற்கான காரணத்தைத் தனிப் படிவத்தில் விளக்க வேண்டும் என்று புது விதி கொண்டுவந்தது.

இப்படி இருக்கையில் ஒரு காலையில் அம்மா இறந்துபோனார். இந்த முறை நிஜமாக.

படவுலகமே அவர் வீட்டில் கூடியது. சின்ன வீடு. முற்றத்தில் கட்டில் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். கழுத்து வரை போர்வை. சுற்றிலும் கேமராக்கள். இயக்குநர் வந்தார், மைத்துனர் இரண்டு கைபேசிகளோடு வந்தார், அதிகாரியம்மா மாலையோடு வந்தார். எரிமலை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து கட்டிலருகே நின்றார். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். அழவில்லை. அவர் அழாததால் மற்றவர்களும் பொறுத்திருந்தார்கள். யார் முதலில் ஆரம்பிப்பது என்று ஒரு தயக்கம். அம்மா கண்ணைத் திறந்து முதுகு பிடித்துக்கொள்கிறது என்று சொன்னால்கூட யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

மைத்துனர் தயாரிப்பாளரின் காதில் கிசுகிசுத்தார். "மாமா, நாயைக் கூட்டிட்டு வந்திருக்கீங்கள்ல?"

"கார்ல இருக்கு மாப்ள."

"சும்மா ஒரு தடவை பின்னாடி நடந்துட்டுப் போகட்டும். எல்லாரும் காத்துட்டு இருக்காங்க."

தயாரிப்பாளர் வரும்போது அம்மாவுக்காக அழ வேண்டும் என்றுதான் வந்தார். நல்ல மனுஷி. போன வாரம்கூட நாய் ஒழுங்காகத் தின்கிறதா என்று போன் போட்டுக் கேட்டிருந்தார். ஆனால் நாய் வலப்பக்கமாக நுழைய வேண்டுமா, இடப்பக்கமாகவா, கேமரா எந்தப் பக்கம் என்ற கவலையில் அது அவருக்கு மறந்துபோயிற்று. கார்க் கதவைத் திறந்து விட்டார். மனைவி வாசலில் ஒதுங்கி வழிவிட்டாள்.

நாய் முற்றத்துக்குள் வந்தது. எரிமலை கண்ணாடியைக் கழற்றித் தயாரானார். நாய் அவருக்குப் பின்னால் போகவில்லை. நேரே கட்டிலுக்குப் போனது. போர்வையை முகர்ந்தது. உள்ளே மூக்கை விட்டு அம்மாவின் கையைத் தேடி முட்டியது. கை அசையவில்லை. மறுபடி முட்டியது. அப்புறம் கட்டில் காலடியில் படுத்துக்கொண்டு, மெல்ல, யாரையோ கூப்பிடுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் காட்டினார்கள். திரும்பிப் பார்க்கவில்லை.

எல்லாக் கேமராக்களும் எரிமலையை விட்டுவிட்டு நாயின் பக்கம் திரும்பின. அதைப் பார்த்ததும்தான் எரிமலைக்கு அழுகை பீறிட்டது. குலுங்கிக் குலுங்கி அழுதார். யாரும் அவரைப் படம் எடுக்கவில்லை.

அதிகாரியம்மா மாலையை வைத்துவிட்டு, குனிந்து நாயைக் கூர்ந்து பார்த்தார். "இதுக்கு மன உளைச்சல் ஏற்பட்டிருக்கே," என்றார் தேன் குரலில். "இதோட உரிமையாளர் யாரு?"

இயக்குநர், மைத்துனர், எரிமலை, கேமராக்காரர்கள், அங்கே நின்ற அத்தனை பேரும் ஒருவரையே கை காட்டினார்கள்.

நோட்டீஸ் சில நாளில் வந்து சேர்ந்தது. மனைவிதான் வாங்கிப் பிரித்தாள். "உங்க பேரு தனியா, நடுவுல, பெருசாப் போட்டிருக்காங்க," என்று சொல்லிக் கொடுத்தாள். நாய் அம்மாவின் வீட்டிலிருந்து வந்ததிலிருந்து சரியாகத் தின்னாமல் நாற்காலிக்கு அடியில் படுத்திருந்தது. தயாரிப்பாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

'மேற்படி துக்க வீட்டில் மேற்படி நாய் உண்மையான துயரத்துக்கு உள்ளானது நேரடி ஆய்வில் உறுதி செய்யப்படுகிறது. இதற்கு உரிமையாளராகிய தாங்களே முழுப்பொறுப்பு. அவ்விடத்தில் இருந்த வேறு எவரும் துயரத்துக்கு உள்ளானதாகத் தெரியவில்லை. கதாநாயகரின் கண்ணீர் தொழில் நிமித்தமானது என்பதால் கணக்கில் கொள்ளப்படவில்லை. ஆட்சேபணை இருப்பின் தக்க சாட்சியுடன் தெரிவிக்கலாம்.'

அவர் கடைசி வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தார். நாய் விஷயத்தை அவர் ஒப்புக்கொள்ளத் தயார். வேறு எவரும் துயரப்படவில்லை என்ற வரியைத்தான் தாங்க முடியவில்லை. பேனாவை எடுத்தார். சாட்சி என்ற இடத்தில் வந்து நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தார்.

"அன்னைக்கு நீ அங்கதானே இருந்தே. நானும் அழுதேன், இல்ல?"

மனைவி யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்ல அவளுக்கு வராது.

"தெரியலைங்க," என்றாள். "நானும் நாயைத்தான் பார்த்துட்டு இருந்தேன்."